ஹீட்டர் கடைசியில்: மலை வீட்டைக் காயவைத்து, மூடி, பிறகு சூடாக்குவது

நவம்பர் பிறந்ததும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்பதுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். ஆனால் இங்கே எழும்பியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை கோவையிலும் மதுரையிலும் கட்டும் அதே முறையில் கட்டியவை: ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை அல்லது கான்கிரீட் தளம். அப்படிப்பட்ட அறைக்குள் எந்த ஹீட்டரை வைத்தாலும் அது வானத்தைத்தான் சூடாக்கும். ஈரத்தை நிறுத்துவது, கூரையை மூடுவது, இடுக்குகளை அடைப்பது, பிறகு ஹீட்டர். இந்த வரிசையை மாற்றினால் பணம் இரண்டு முறை செலவாகும்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், இரண்டு பக்கம் வெளிச்சுவர், நான்கடிச் சதுர ஜன்னல் இரண்டு, மேலே சீலிங் இல்லாத தகரம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 6 டிகிரி, உள்ளே 16 டிகிரி வேண்டும். தகரக் கூரை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 6 வாட் வெப்பத்தை விடும். கூரைப் பரப்பு 13.4 சதுர மீட்டர், ஆகவே கூரை வழியாக மட்டும் 800 வாட். சுவர் வழியாக ஏறக்குறைய 400, இரண்டு ஜன்னல் கண்ணாடிகள் வழியாக 170, இடுக்குகளில் காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால் இன்னும் 210. மொத்தம் 1,600 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. மாலை ஆறு முதல் பதினொன்று வரை இந்தச் சூட்டைக் காப்பாற்ற நாளுக்கு 8 யூனிட் மின்சாரம் போகும். பாதி இழப்பு கூரையில். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜன்னலை மாற்றச் சொல்வார்கள். கண்ணாடி கைக்கு எட்டுகிறது, கூரை எட்டுவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

அதே கூரைக்குக் கீழே பலகை சீலிங் போட்டு, அதன் மேல் 50 மில்லிமீட்டர் ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு, விரித்தால் 800 வாட் சுமார் 85 வாட்டாக இறங்கும். 100 மில்லிமீட்டர் விரித்தால் 50 வாட்டுக்கு அருகே. ஏற்கெனவே பலகை சீலிங் இருக்கும் பழைய வீடுகளில் கூரை இழப்பு முன்பே பாதிக்கும் கீழேதான் இருக்கும். அங்கும் ராக்வூல் பலன் தரும், ஆனால் மாற்றம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. வெறும் தகரம் அதைப்போல ஐந்து மடங்கு விடுகிறது.

ராக்வூல் விரிப்பதில் தவறுகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: ஈரம். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அறையிலிருந்து மேலேறும் நீராவி அதன் அடிப்பக்கத்தில் துளியாகக் கோத்து நிற்கும். ‘தகரம் வேர்க்குது’ என்று இங்கே சொல்வது இதைத்தான். காலையில் அந்தத் துளிகள் ராக்வூலில் சொட்டும். நனைந்த ராக்வூலுக்குக் காப்புத்திறன் போய்விடும், பலகையும் உளுத்துப்போகும். இரண்டு ஆண்டு கழித்துச் சீலிங்கில் பழுப்புக் கறை வந்ததும், கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஷீட்டை மாற்றுகிறார்கள். ஒழுகுவது மழையா, வேர்வையா என்று கண்டுபிடிப்பது எளிது. மழையில்லாத, தெளிந்த ஜனவரி இரவுக்குப் பிறகு சொட்டினால் அது வேர்வை.

அதனால் அடுக்கு வரிசை கீழிருந்து மேலாக இப்படி இருக்க வேண்டும். முதலில் பலகை அல்லது ஜிப்சம் போர்டு. அதன் மேல் 800 கேஜ், அதாவது 200 மைக்ரான், பாலித்தீன் விரிப்பு. மூட்டுகளில் ஆறு அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, டேப் ஒட்டி, சுவரோரத்தில் நான்கு அங்குலம் மேலே மடித்து நிறுத்த வேண்டும். நீராவியைத் தடுக்கும் இந்த விரிப்பு எப்போதும் சூடான பக்கம், அதாவது அறைப் பக்கம், இருக்க வேண்டும். ராக்வூலின் மேல்பக்கம் போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். விரிப்பின் மேல் ராக்வூல், சட்டங்களுக்கு இடையே இடுக்கில்லாமல், அமுக்காமல். அதற்கும் தகரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலக் காற்று இடைவெளி. அந்தக் காற்று நகர, கூரை ஓரத்தில் கீழேயும் முகட்டில் மேலேயும் திறப்பு வேண்டும். திறப்புகளுக்கு நெருக்கமான கம்பிவலை அடிக்க மறந்தால் எலியும் அணிலும் ராக்வூலில் கூடு கட்டும்.

கூரை இடைவெளிக்குள் ஓடும் மின்கம்பிகளை இந்த வேலைக்கு முன்பே பைப்புக்குள் போட்டுவிட வேண்டும். துணி சுற்றிய பழைய ஒயர் இருந்தால் மாற்றாமல் மூடக்கூடாது. சீலிங்கில் பதித்த விளக்குகளின் மேல் ராக்வூலை நேராகப் போட்டால் விளக்கு சூடேறிக் கெடும். அவற்றுக்கு மூடிப் பெட்டி தேவை, அல்லது அந்த விளக்குகளையே எடுத்துவிட்டுச் சுவர் விளக்கு வைப்பது நல்லது. ராக்வூலுக்கு மாற்றாகப் போடும் தெர்மோகோல் விலை குறைவு, ஈரத்தையும் தாங்கும். ஆனால் சாதாரண வெள்ளைத் தெர்மோகோல் தீப்பிடித்தால் உருகி எரியும். தீ தாங்கும் ரகம் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். அதையும் பலகைக்கோ ஜிப்சத்துக்கோ பின்னால்தான் வைக்க வேண்டும்.

வெள்ளி பூசிய குமிழித் தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த மலைகளில் அதிகம் விற்பது அதுதான். சமவெளியில் வெயிலில் காய்ந்த தகரத்திலிருந்து கீழிறங்கும் கதிர்வீச்சைத் தடுக்க அது நன்றாக உதவும். இங்கே வெப்பம் போகும் திசை தலைகீழ், கீழிருந்து மேல். சூடான காற்று தானாகவே மேலேறித் தாளை அடைந்து சூட்டைக் கொடுத்துவிடும். கதிர்வீச்சைத் திருப்புவதில் கிடைக்கும் இலாபம் சிறிதாகிவிடும். தகரத்தோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கத்து வெள்ளிக்கு வேலையே இல்லை. பணம் குறைவாக இருந்தால் ஒரே அறைக்கு ராக்வூல் போடுங்கள். வீடு முழுக்கக் குமிழித் தாள் போடுவதைவிட அது பயன் தரும்.

கான்கிரீட் தளம் உள்ள புதிய வீடுகளுக்கு வேலை இன்னும் சுலபம். மழைக்குப் பயந்து தளத்துக்கு மேல் தகரக் கூரை எழுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. தளத்துக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடத்தில், தளத்தின் மேலேயே 75 அல்லது 100 மில்லிமீட்டர் ராக்வூலை விரித்துவிட்டால் போதும். நடமாட வேண்டிய வழியில் மட்டும் சட்டம் வைத்துப் பலகை போடலாம். பக்கங்கள் காற்றோட்டமாகத் திறந்தே இருக்கட்டும், ஆனால் சாரல் அடிக்கும் பக்கத்தில் சாய்பலகைத் தடுப்பு வேண்டும். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழை கிடைமட்டமாகவே வரும். கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வடகிழக்குப் பருவம்தான் சோதனைக் காலம்.

இனி ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். மலைச் சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண் திட்டோடு ஒட்டியோ, இரண்டடி தள்ளியோ நிற்கும். திட்டில் இறங்கும் மழைநீர் அந்தச் சுவரைத்தான் தேடி வரும். உள்ளே எத்தனை முறை ‘டேம்ப் புரூஃப்’ பெயின்ட் அடித்தாலும் அது கொப்பளித்து விழுவது இதனால். வேலையை வெளியே செய்ய வேண்டும். சுவருக்கும் திட்டுக்கும் நடுவே ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, அதன் அடி வீட்டுத் தரைமட்டத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்கும்படி பார்க்க வேண்டும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக்கூடாது. அடியில் மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, மூன்று அங்குலம் 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் துளையிட்ட நான்கு அங்குல பி.வி.சி. குழாய், நூறு அடிக்கு ஓரடி சரிவு. குழாயின் துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூட வேண்டும். துணி இல்லாமல் போட்ட குழாய் ஓரிரு மழைக்காலத்தில் செம்மண் அடைத்துச் செத்துவிடும். குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கீழ்வீட்டுத் திட்டின் மேல் விட்டால் அங்கே மண் சரியும். கூரையோரப் பீலியின் தண்ணீரை இந்த வாய்க்காலில் விடாமல் தனிக் குழாயில் கொண்டுபோவதும் அவசியம்.

பழைய பங்களாக்களின் கல், செங்கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அவை ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விடும். அவற்றுக்கு மேல் சிமென்ட் பூச்சும் எனாமலும் ஏற்றினால் விடும் வழி அடைபட்டு, ஈரம் இன்னும் உயரமாக ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்புப் பூத்து உதிரும். உதிர்ந்த பகுதிக்கு மேலே ஓரடி வரை சிமென்ட் பூச்சைக் கொத்தியெடுத்து, ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதே சரி. ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. சுண்ணாம்பு இறுகக் காற்றும் காலமும் வேண்டும். கொத்தனார் அவசரப்பட்டுச் சிமென்ட் கலந்தால் பழைய கதைதான்.

வெளியிலிருந்து வரும் ஈரத்தை நிறுத்தினாலும் உள்ளே நாமே உண்டாக்கும் ஈரம் பாக்கி இருக்கிறது. நான்கு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் வேர்வையிலும் ஒன்றரை லிட்டர் வரை தண்ணீர் காற்றில் சேரும். உள்ளே கொடியில் காயும் துணி இன்னும் இரண்டு லிட்டரைச் சேர்க்கும். சிலிண்டர் வைத்து அறைக்குள் எரிக்கும் கேஸ் ஹீட்டர் ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவியை விடும். ஈர வீட்டுக்கு அதைவிடக் கெட்ட ஹீட்டர் இல்லை.

அறை 16 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 12.5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். வெளியே 6 டிகிரியாக இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 8 அல்லது 9 டிகிரியில் நிற்கும், தண்ணீர் வழியும். ஒன்பது அங்குலச் சுவரின் உட்பக்கம் 13 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பரப்பின் மேல் ஈரப்பதம் 95 சதவீதம். 80-க்கு மேலேயே பூஞ்சணம் வளரும். அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலின் தலைமாட்டிலும் கறுப்பு படிவது இதனால்தான். அறையின் ஈரப்பதத்தை 60-க்குக் கொண்டுவந்தால் அதே சுவர்ப் பரப்பு 71-இல் நிற்கும், பூஞ்சணம் நின்றுவிடும். ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி சில நூறு ரூபாய் விலையுள்ள ஈரப்பதமானி. படுக்கையறையில் வெளிச்சுவர்ப் பக்கம் மாட்டி, காலை மாலை பாருங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் விசிறி குளித்து முடித்த பிறகும் கால்மணி நேரம் ஓட வேண்டும். அதன் குழாய் கூரை இடைவெளிக்குள் முடியாமல் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். கொடைக்கானலில் மதியத்துக்கு மேல் மஞ்சு (மூடுபனி) இறங்கிவிடும், ஆகவே ஜன்னல் திறக்கும் நேரம் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு. மஞ்சில் திறந்தால் ஈரத்தை உள்ளே அழைத்ததாகும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதானால் கம்ப்ரசர் ரகம் 15 டிகிரிக்குக் கீழே சுணங்கும், அதன் சுருளில் பனி கட்டும். குளிர் அறைக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிகன்ட் ரகமே ஏற்றது.

இடுக்குகளைக் கண்டுபிடிக்கக் காற்றடிக்கும் மாலையில் எல்லாக் கதவுகளையும் மூடி, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு, ஊதுபத்தியைச் சட்டங்களின் ஓரமாகக் கொண்டுபோங்கள். புகை படுக்கும் இடமெல்லாம் ஓட்டை. கதவின் அடி, தகரம் சுவரில் உட்காரும் இடம், ஸ்விட்ச் பெட்டி, குழாய் நுழையும் துளை ஆகியவைதான் பெரும்பாலும். மர ஜன்னலுக்குப் பஞ்சு டேப் ஒரு பருவம்கூட நிற்காது; இ.பி.டி.எம். ரப்பர் பட்டை வாங்க வேண்டும். 2 முதல் 3.5 மில்லிமீட்டர் இடுக்குக்கு ஆங்கில ‘E’ வடிவம், 3 முதல் 5 வரை ‘P’ வடிவம். பிப்ரவரியில் மரம் சுருங்கியிருக்கும்போது அளந்து, அதற்குத் தகுந்த தடிமன் ஒட்டினால் ஜூலையில் மரம் ஊதி ஜன்னல் சாத்தாது. பிப்ரவரியில் அளந்தால் ஒரு அளவு சிறியதாகவே ஒட்டுங்கள். புதிதாக யு.பி.வி.சி. போடுகிறவர்கள் இழுவை ஜன்னலைத் தவிர்த்துத் திறக்கும் கதவு ஜன்னல் கேட்க வேண்டும். இழுவையின் தூரிகைப் பட்டை மலைக்காற்றை நிறுத்தாது.

நீலகிரியின் தோடர் பழங்குடியினர் குடிலின் மூன்றடி வாசலையும், படகர் ஹட்டியில் (ஊரில்) வரிசையாகச் சுவரைப் பகிர்ந்து நிற்கும் வீடுகளையும் பார்த்தால் இந்த விஷயம் இங்கே எவ்வளவு காலமாகத் தெரிந்திருக்கிறது என்பது புரியும். வாசல் சிறிது, வெளிச்சுவர் குறைவு. புது வீடு கட்டுகிறவர்கள் அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பயன்படாத கணப்பின் புகைபோக்கி வழியாக இரவெல்லாம் சூடான காற்று போய்க்கொண்டே இருக்கும். மேலே மழைத்தொப்பி வைத்து, கீழே வாயில் பலகையைப் பட்டையோடு பொருத்தி, புகைபோக்கி காய்ந்திருக்க அதில் ஓரங்குலத் துளை மட்டும் விடுங்கள். மூடியிருக்கிறது என்று கணப்பின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும், யாரும் தெரியாமல் தீ மூட்டிவிடக்கூடாது.

இவ்வளவு அடைத்த வீட்டில் ஒரு விதிக்கு விலக்கே கிடையாது: அறைக்குள் அடுப்புக்கரி எரியக்கூடாது. புகையில்லாத தணல் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுத்தவர்கள் இறந்த செய்தி இந்த மலைகளிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் அதே ஆபத்து. அதன் இடம் வெளிச்சுவர். விறகு அடுப்போ கேஸோ எரியும் எந்த வீட்டிலும், படுக்கையறையில் தலையணை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். விடுதி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு அறையிலும் வைக்க வேண்டும்.

வெந்நீரில் மிச்சம் பிடிப்பது எளிது. 15 லிட்டரை 12 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 0.84 யூனிட் போதும். வீணாவது குழாயில். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் நாலு லிட்டருக்கு அருகே தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது குளிர்ந்து, வீணாக ஓடிய பிறகுதான் சூடு வரும். கீசரைக் குளியலறையிலேயே வைத்து, அரை அங்குலக் குழாய் போட்டு, 13 மில்லிமீட்டர் நைட்ரைல் உறை மாட்டுங்கள். சோலார் வாங்கினால் வெற்றிடக் கண்ணாடிக்குழாய் ரகம்தான். தட்டைத் தகடு ரகத்தின் செம்புக்குழாய், உறைபனி இரவில் உள்ளே நீர் உறைந்து வெடிக்கும். காற்று 2, 3 டிகிரி இருந்தாலும் வானத்துக்குச் சூட்டை விட்டு அது நடக்கலாம். தெற்குப் பார்த்து 25 டிகிரி சாய்வு, மதியம் மஞ்சு மூடும் இடத்தில் கொஞ்சம் தென்கிழக்காகத் திருப்பலாம். காலி ஆகிக் காய்ந்த கண்ணாடிக்குழாயில் பகலில் குளிர்நீர் விட்டால் வெடிக்கும், விடியுமுன் நிரப்புங்கள்.

கடைசியாக ஹீட்டர். ஆயில், ஹாலஜன், விசிறி எதுவானாலும் 1 யூனிட்டுக்கு 1 யூனிட் வெப்பம்தான். எண்ணெய் ஹீட்டர் சிக்கனம் என்பது விற்பனைப் பேச்சு. சூடாக்கும் வசதியுள்ள இன்வெர்ட்டர் ஏ.சி. வெளியே 7 டிகிரியில் 1 யூனிட்டுக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். கூரை மூடிய அறைக்கு ஒரு டன் தாராளம். படுக்கும்போது மட்டும் குளிர் என்றால் மின்போர்வை 60 முதல் 100 வாட்டில் முடித்துவிடும். விறகுதான் என்றால், திறந்த கணப்பு விறகின் சூட்டில் பத்தில் ஒன்றோ ஒன்றரையோதான் அறைக்குத் தரும். மூடிய இரும்பு அடுப்பு பாதிக்கு மேல் தரும். சீகையோ (வாட்டில் மரம்) கற்பூர மரமோ (யூக்கலிப்டஸ்), பிளந்து ஓர் ஆண்டு கூரையடியில் காய்ந்த பிறகே எரிக்க வேண்டும். பச்சை விறகின் தார் புகைபோக்கியில் படிந்து ஒருநாள் தானே தீப்பிடிக்கும்.

வேலைகளை மாதத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். வாய்க்காலும் குழாயும் ஜனவரி, பிப்ரவரியில். சுண்ணாம்புப் பூச்சு மார்ச்சில், உறைபனி முடிந்த பிறகு. கூரையைத் திறக்கும் வேலை ஏப்ரலில் தொடங்கி மே நடுவுக்குள் முடிய வேண்டும். ராக்வூல் கட்டுகளை அன்றன்று விரிக்கும் அளவுக்கு மட்டும் மேலே ஏற்றுங்கள், கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. ரப்பர் பட்டை செப்டம்பரில். பெயின்ட், சுவர் ஒரு மழைக்காலம் முழுக்கக் காய்ந்தே இருந்த பிறகு.